கம்பி வந்தால் ஊர் வாழுமா?



சிற்றூர்கள் வெறுமையாகி வருகின்றன. இது தமிழ்நாட்டிற்கு மட்டும் வந்துற்ற நோயன்று. ஞாலத்தின் பல பகுதிகளிலும் பரவி நிற்கும் நோய். படித்த இளைஞன் பேருந்தேறி நகரத்திற்குப் போகின்றான். அவன் பெற்றோர் திண்ணையில் அமர்ந்து, அவன் அனுப்பும் பணத்தையும் அவனுடைய தொலைபேசி அழைப்பையும் எதிர்நோக்கிக் கிடக்கின்றனர். பள்ளியில் பிள்ளைகள் குறைகின்றனர், பள்ளி மூடப்படுகின்றது. பள்ளி மூடப்பட்டதனால் எஞ்சியிருந்த இளங்குடும்பங்களும் ஊரைவிட்டு நீங்குகின்றன. ஒரு கேடு மற்றொரு கேட்டை ஈன்று ஊரைத் தின்று வருகின்றது.

இந்நோய்க்கு மருந்தென்று இக்கால் பலரும் எடுத்துரைப்பது ஒன்றுண்டு. இணையம் வந்துவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பதே அது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைப்பதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. நல்ல பணி, வேண்டிய பணி. நகரத்தானுக்குக் கிடைக்கும் அதே விரைவில் நாட்டுப்புறத்தானுக்கும் இணையம் கிடைத்தல் எவரும் இரங்கி ஈயும் கொடையன்று, அவனுக்குரிய உரிமை.

ஆயினும், உழுதுண்டு வாழ்ந்த மக்கள் இதனை உழவன் கண்கொண்டே நோக்குதல் வேண்டும். வாய்க்கால் வெட்டிவிட்டால் மட்டும் வயல் விளைந்துவிடுமா? வாய்க்கால் ஏரி நீரை வயலுக்குக் கொணரவும் செய்யும். வயலில் நின்ற நீரை வடித்துக்கொண்டு போகவும் செய்யும். எது நிகழும் என்பதை நிலத்தின் மேடுபள்ளமும் மடையின் அமைப்புமே முடிவு செய்கின்றன. இணையக் கம்பியும் அத்தகையதே. அதன்வழி ஊருக்குப் பொருளும் அறிவும் வரக்கூடும். அதே கம்பியின்வழி ஊரின் பணமும் பொழுதும் இளைஞரின் உள்ளமும் நகரத்திற்கு வடிந்துபோகவும் கூடும்.

எது நிகழும் என்பதை மூன்று வினாக்கள் முடிவு செய்யும். கம்பிவழி அனுப்புதற்கு ஊரிடம் என்ன இருக்கின்றது? கம்பி எந்த மொழியில் பேசுகின்றது? கம்பியின் மடை யார் கையில் இருக்கின்றது? இவற்றிற்கு விடையை வெற்றுக் கொள்கையில் தேட வேண்டியதில்லை. சப்பானில் ஒரு மலையூரும், புதுச்சேரிப் பகுதியில் சில சிற்றூர்களும், காட்டலோனியாவில் ஓர் உழவர் வட்டாரமும் தம் வாழ்க்கையாலேயே விடை கூறியிருக்கின்றன.

இலையைப் பொருளாக்கிய மூதாட்டியர்

சப்பான் நாட்டின் சிக்கோக்குத் தீவில், தொக்குசிமா மாவட்டத்து மலைகளுக்கிடையே காமிகாட்சு என்னும் ஊர் இருக்கின்றது. 1950-களின் நடுவில் அங்கு 6,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். இன்று 1,500-க்கும் குறைவானவரே உள்ளனர். அவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் 65 அகவை கடந்தோர். மரம் வெட்டுதலும் கிச்சிலி வகைப் பழத்தோட்டங்களுமே அவ்வூர்க்கு வாழ்வாக இருந்தன. அயல்நாட்டு மரம் மலிவாக வந்து குவியவே மரத்தொழில் நலிந்தது. 1981-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பழமரங்கள் பெரும்பாலும் பட்டுப்போயின. எஞ்சியவை மலையும் காடும் முதியோருமே. வேறொன்றும் இல்லை என்றுதான் ஊராரும் எண்ணினர்.

யோக்கோயிசி தொமோசி என்பார் 1979-இல், தம் இருபதாம் அகவையில், உழவர் கூட்டுறவுக் கழகத்தின் அறிவுரைஞராக அவ்வூர்க்கு வந்தவர். 1986-இல் அவர் ஒசாக்கா நகரத்து உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தார். அருகிலிருந்த இளம்பெண்கள், தம் தட்டில் அணியாக வைக்கப்பட்டிருந்த சிவந்த மேப்பிள் இலையை எடுத்து வியந்து, அதனைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டனர். அவ்விலை காமிகாட்சு மலையில் காலடியில் மிதிபட்டுக் கிடப்பது. அதை விற்றால் என்ன என்னும் எண்ணம் அவர்க்கு அங்கே பிறந்தது.

தமிழர் இலையில் உண்பவர். சப்பானியர் உணவருகே இலையை வைத்துப் பருவத்தின் அழகைக் கண்டு உண்பவர். மூங்கில் இலை, செம்மேப்பிள் இலை, மலரரும்பிய கொம்பு என அந்தந்தப் பருவத்திற்குரியதைத் தட்டில் வைத்தல் அங்குத் தொன்றுதொட்ட வழக்கம். ஆயினும் ஊரார் முதலில் அவரை எள்ளினர். இலையைப் பணமாக்கும் மாய விலங்கு அந்நாட்டுப் பழங்கதையில் வருவதுண்டு; கதையில் நடப்பது ஊரில் நடக்குமா என்று நகைத்தனர். நான்கு பெண்கள் மட்டும் முன்வந்தனர்.

தொடக்கத்தில் இலை விலைபோகவில்லை. எவ்வளவு பெரிய இலை வேண்டும், எந்த நிறம் வேண்டும், எந்தக் கிழமையில் எந்த இலை தட்டில் ஏறும் என்பவற்றை ஊரில் ஒருவரும் அறியார். யோக்கோயிசி தம் கைப்பணத்தைச் செலவிட்டு உயர்ந்த உணவகங்களுக்குச் சென்று உண்டு, சமையற்காரரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார். கற்றதை ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். ஒரே அளவாய், ஒரே நிறமாய், பழுதின்றிப் பொதியப்பட்ட இலை அதன்பிறகே விலைபெற்றது.

இங்கேதான் கம்பியின் பணி வருகின்றது. நகரத்துச் சந்தை இன்று என்ன கேட்கின்றது என்பதை மலைமேல் தொலைவுதொலைவாய் வாழும் மூதாட்டியர்க்கு உடனே தெரிவித்தாக வேண்டும். இடர்க்காலத்திற்கென ஊர் அமைத்திருந்த கம்பியில்லாத் தொடர்பைத் தொலைநகலிக்குப் பயன்படுத்தினர். 1999-இல் 'இரோதோரி' என்னும் குழுமம் தோன்றியது. கணிப்பொறிகளும் வீடுகளுக்கு வந்தன. முதியோர் விரல் நடுங்காமல் இயக்குதற்கேற்ற எளிய கருவிகளை அவற்றிற்குப் பொருத்தினர். சந்தை விலையும், அன்றைய தேவையும், விற்பனையில் தமக்குரிய இடமும் ஒவ்வொருவர்க்கும் திரையில் தெரிந்தன. யார் முந்தி ஏற்கின்றாரோ அவர்க்கே அவ்வழைப்பு. எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டியர் விடியலில் கணிப்பொறி முன் அமர்ந்து சந்தையை ஆய்ந்து, மலையேறி இலை பறித்தனர். 300-க்கும் மேற்பட்ட வகை இலைகளும் கொம்புகளும் அங்கிருந்து நகரங்களுக்குச் சென்றன. நல்ல ஆண்டுகளில் விற்பனை 26 கோடி யென்னை எட்டியது.

இங்கு ஒன்றை உற்று நோக்குக. முன்வந்தது இலை, பின்வந்தது கணிப்பொறி. இலையின் அருமையை அறிந்து, அதனைத் தரப்படுத்தக் கற்றபின் வந்த கணிப்பொறி ஊரை வாழச் செய்தது. இலை அறியாத ஊருக்கு முன்னரே கணிப்பொறி வந்திருப்பின், நகரத்துக் கடையில் பொருள் வாங்குதற்கே அது பயன்பட்டிருக்கும். மற்று, உண்மையை மறைத்தலும் ஆகாது. இலை வணிகம் காமிகாட்சுவின் மக்கள்தொகைக் குறைவைத் தடுத்துவிடவில்லை. இளைஞரை மந்தை மந்தையாகத் திருப்பிக் கொணரவும் இல்லை. முதியோரை எவர்க்கும் சுமையாகாதவராய், தம் உழைப்பில் தலைநிமிர்ந்தவராய் ஆக்கியது. அஃதே பெரிது.

அதே மாவட்டத்தில் காமியாமா என்னும் மற்றோர் ஊர். 2011-இல் சப்பான் தொலைக்காட்சி புதுமுறைக்கு மாறவிருந்தமையால், அதுவரை கடல்கடந்து வந்த ஒசாக்காப் பகுதி ஒளிபரப்புகள் கிட்டாமற் போகும் நிலை வந்தது. அதனை ஈடுசெய்ய அம்மாவட்டத்தில் ஒளியிழை வடம் ஊர்தோறும் இடப்பட்டது. காமியாமாவினர் 1999 முதலே அயலிடக் கலைஞரை வரவழைத்து ஊரில் தங்கவைத்து வந்தவர்கள். வெற்று வீடுகளைச் செப்பம் செய்து புதியவர்க்குக் குடிக்கூலிக்கு விடக் கற்றவர்கள். 2010-இல் தோக்கியோ நிறுவனமாகிய சான்சான் அங்கொரு பழைய வீட்டில் தன் கிளை அலுவலகத்தை அமைத்தது; வேறு பலவும் தொடர்ந்தன. 2023-இல் அங்குத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டது. வடம் பல ஊர்களுக்குச் சென்றது. காமியாமா பெயர் பெற்றதற்குக் கரணியம் வடமன்று. வந்தவரை ஏற்கும் பழக்கமும் திறந்து வைத்த வீடுகளுமே அவ்வூரின் வளம்.

எனவே முதல் வினாவிற்கு விடை இது: வளமில்லாத ஊரென்று ஒன்றில்லை, தன் வளத்தை அறியாத ஊரே உண்டு. அறியாத ஊருக்குக் கம்பி வடிகால். அறிந்த ஊருக்குக் கம்பி வாய்க்கால்.

அலையின் உயரம் தமிழில் ஒலித்தது

இரண்டாம் வினா மொழி பற்றியது. இதற்கு விடைதேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை; புதுச்சேரி போதும்.

1998-இல் சென்னை எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு அமைப்பொன்றின் பொருளுதவியுடன், புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் ஊரறிவு நடுவங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றிற்குத் தலைமையிடம். அங்குத் தொலைபேசிவழி இணையம் வந்தது. அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லா வானலைவழியே செய்தி சென்றது. மின்தடை மிகுந்த இடங்களில் கதிரவன் ஒளியால் மின்கலங்களை நிரப்பினர்.

கருவியை இறக்கிவைத்துவிட்டு மக்களைத் தேடும் முறையை அவர்கள் மேற்கொள்ளவில்லை. மக்கள் இப்பொழுது செய்தியை எங்கிருந்து பெறுகின்றனர், எச்செய்தி கிட்டாமல் இடருறுகின்றனர் என்பதை முதலில் ஊரூராகக் கேட்டறிந்தனர். நடுவத்திற்கு இடம் தருவது ஊரின் பொறுப்பு. இயக்குதற்குத் தொண்டர்களைத் தருவதும் ஊரின் பொறுப்பு. ஒடுக்கப்பட்ட மக்கள் உட்பட எவரும் தடையின்றி நுழையக்கூடிய இடமாக அஃது இருத்தல் வேண்டும் என்பது மாறாத கட்டளை. தொண்டருட் பலர் பெண்கள், பெரும்படிப்புப் படித்தவரல்லர். கணிப்பொறியில் தமிழெழுத்துப் பதிக்க அவர்களே கற்று, ஊராரின் வினாக்களுக்கு விடையளித்தனர்.

அங்குக் கிட்டிய செய்திகள் யாவை? நெல் என்ன விலை, எரு என்ன விலை, அரசின் உதவித் திட்டப் பட்டியலில் எவரெவர் பெயர் உள்ளது, மருத்துவர் எங்கே என்று அமர்கின்றார் என்பன. இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். பட்டியலில் தன் பெயர் உண்டா இல்லையா என்பதை அலுவலகத்து வாயிலில் கைகட்டி நின்று கேட்ட ஏழைக்கு, அதே பட்டியல் தன் ஊரில், தன் மொழியில், தன் அண்டைவீட்டுப் பெண்ணின் கையால் கிடைப்பது சிறு செய்தியன்று. அறியாமையால் வாழும் இடைத்தரகனின் பிழைப்பில் மண்விழச் செய்வது அது. 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் அந்நடுவங்களின் வழியே தமிழில் வந்தது. 2001-இல் சுட்டாக்கோம் நகரத்துப் பன்னாட்டுப் பரிசு இம்முயற்சிக்குக் கிடைத்தது.

அற்றை நாளில் கணிப்பொறியில் தமிழின் நிலை எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் பதித்த தமிழை மற்றொருவர் பொறியில் படிக்க இயலாத காலம் அது. எழுத்துருவுக்கு ஒரு முறை, விசைப்பலகைக்கு ஒரு முறை எனச் சிதறிக் கிடந்தது. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பின்னரே 'தமிழ் 99' என்னும் ஒழுங்குபெற்ற விசைப்பலகை வந்தது. அதற்கு முன்னரே சிற்றூர்ப் பெண்கள் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றினர். தமிழால் இயலாது என்று நகரத்து அறிஞர் சிலர் ஐயுற்றிருந்த காலத்தில், இயலும் என்று ஊர்ப்பெண்கள் செய்து காட்டினர்.

இனி வீராம்பட்டினத்தைப் பார்க்க. அது மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலின் அலையுயர முன்கணிப்பு நாள்தோறும் வெளிவந்தது. ஆங்கிலத்தில், போர்க்கப்பல்களுக்காக எழுதப்பட்டது. அதனை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, ஊருக்கு அனுப்பினர்; ஊரில் ஒலிபெருக்கிவழி அலையின் உயரம் தமிழில் ஒலித்தது. மரத்தைத் தள்ளிக் கடலில் இறங்கும் மீனவன், எழுத்தறியாதவனாயினும், இன்று போகலாமா கூடாதா என்பதைக் கரையிலேயே முடிவு செய்தான். ஞாலத்தின் பேராற்றல் வாய்ந்த கடற்படையின் கணிப்பு ஒரு தமிழ் மீனவனின் உயிருக்குக் காவலாயிற்று. அக்காவலை நிறைவாக்கியது எது? வானில் சுற்றிய கோளா, கடலுக்கடியில் ஓடிய வடமா? அவை இருந்தும் ஆங்கிலத்தில் நின்றவரை அவனுக்கு அவை இல்லாதவையே. தமிழில் ஆனபொழுதே அறிவு ஆயின.

2004 திசம்பர் 26. ஆழிப்பேரலை வந்த காலைப்பொழுது. புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் அத்தகைய நடுவமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் அப்பொழுது சிங்கப்பூரில் இருந்தார். சுமத்திராவில் நிலம் அதிர்ந்ததையும் கடல் பொங்கியதையும் தொலைக்காட்சியில் கண்டு, வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தார். கடலில் ஏதோ முறைமாறி நிகழ்வதை வீட்டாரும் கண்டனர். ஓடுமாறு அவர் சொன்னார். ஊராரையும் எழுப்பச் சொன்னார். நடுவத்தின் கதவு பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே புகுந்தனர். ஒலிபெருக்கியில் ஓடுங்கள், மேட்டுக்கு ஓடுங்கள் என்று முழங்கினர். அலை வந்தது, வீடுகளை இடித்தது, படகுகளை நொறுக்கியது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின.

அன்று அவ்வூரைக் காத்தது விரைவுமிக்க இணையமன்று. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுமே. ஆயின் அவ்வொலிபெருக்கியின் குரலை நம்பி ஓடலாம் என்னும் பழக்கம் ஊரில் முன்னரே இருந்தது. அலையைப் பற்றி நாள்தோறும் தமிழில் பேசிய குரல் அது. அறியாத மொழியில் வந்த எச்சரிக்கையைக் கேட்டு எவன் ஓடுவான்? பொருள் விளங்குமுன் அலை விழுங்கியிருக்கும்.

ஆகவே இரண்டாம் வினாவிற்கு விடை: தாய்மொழியில் வாராத செய்தி, வந்தும் வாராததே.

மடை யார் கையில்?

மூன்றாவது வினா உரிமை பற்றியது. இதில் தமிழ்நாடு கசப்பான படிப்பினை ஒன்றைப் பெற்றுள்ளது. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில், சென்னையின் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கம்பியில்லாத் தொடர்புமுறையைக் கொண்டு இணையக் கடைகள் பல தொடங்கப்பெற்றன. சான்றிதழ்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. கண்நோயாளியின் கண்படத்தை மதுரை மருத்துவர்க்கு அனுப்பிக் கருத்துக் கேட்க முடிந்தது. அரிய தொடக்கம்! ஆயினும் சில ஆண்டுகளில் அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. நடத்தியவர்க்கு வருவாய் போதவில்லை. பழுது நேர்ந்தபோது நீக்குவார் விரைந்து கிட்டவில்லை. தொடர்ந்த பயிற்சியும் இல்லை. கருவி ஊரில் இருந்தது. அதனைக் காக்கும் ஆற்றல் ஊருக்கு வெளியே இருந்தது. வேர் வெளியூரிலும் கிளை உள்ளூரிலும் இருக்கும் மரம் எத்தனை நாள் நிற்கும்?

இதற்கு நேர்மாறான ஒன்று காட்டலோனியாவில் நிகழ்ந்தது. எசுப்பானிய நாட்டின் வடகிழக்கில் உள்ளது காட்டலோனியா. தனக்கென மொழியும் பண்பாடும் உடையது. 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் வல்லாட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் அம்மொழிக்கு இடமில்லாதிருந்தது. வீட்டுக்குள் வைத்து அதனைக் காத்தவர்கள் அம்மக்கள். அங்கு ஓசோனா வட்டாரத்தில், தனித்தனியே சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளுக்கு விரைவு இணையம் தரத் தொலைதொடர்பு நிறுவனங்கள் முன்வரவில்லை. ஊதியம் கிட்டாது என்பது அவர்தம் கணக்கு.

குர்ப் என்னும் சிற்றூரைச் சேர்ந்த இராமோன் ரோக்காவும் அவர் தோழரும் காத்திருக்கவில்லை. 2004-இல் கடையில் வாங்கிய எளிய கம்பியில்லாக் கருவிகளைக் கூரையிற் பொருத்தினர். ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு, அங்கிருந்து அடுத்த மலைமேட்டுக்கு எனத் தொடர்பு தாவிச் சென்றது. சேருகின்ற ஒவ்வொருவரும் தம் கருவியால் வலையை மேலும் நீட்டினர். 'கிஃபி.நெட்' என்னும் அவ்வலை 2008-இல் அறக்கட்டளை ஒன்றன் காவலில் வைக்கப்பட்டது. 2009-இல் ஒளியிழை வடத்தையும் மக்களே இடத் தொடங்கினர். இன்று அதன் கண்ணிகள் 35,000-க்கும் மேற்பட்டவை. 2015-இல் ஐரோப்பிய ஆணையம் அதற்குப் பரிசளித்தது.

கருவியினும் அவர்கள் வகுத்த ஒழுங்கே பெரிது. வலை எவர்க்கும் தனியுடைமையன்று; ஊர்ப் பொதுநிலம், ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒப்பந்தத்தை ஏற்கும் எவரும் சேரலாம், எவரையும் தள்ளலாகாது. வணிகர் அதன்வழிப் பணி வழங்கிப் பொருளீட்டலாம்; ஆயின் வலையைப் பேணும் செலவில் தம் பங்கைச் செலுத்துதல் வேண்டும். தமிழர்க்கு இது புதிய கருத்தா? ஏரிக்குக் குடிமராமத்து என்று ஊரே கூடி வண்டல் வாரிக் கரை உயர்த்திய மக்களுக்கு, நீர் பாய்ச்சுவோன் ஒருவனை ஊரே அமர்த்தி அவனுக்குக் கதிர்க்கட்டு அளந்த மக்களுக்கு, பொதுவுடைமையைப் பொதுவாய்ப் பேணுதல் புதிதன்று, மறந்துபோனது, அவ்வளவே.

மொழியிலும் அம்மக்கள் விழிப்பாய் இருந்தனர். மொழியின் பெயரால் வலைமுகவரி எதுவும் வழங்கப்படாத காலத்தில், தம் மொழிக்கும் பண்பாட்டிற்கும் என்றே '.கேட்' என்னும் முகவரியீற்றை 2005-இல் கேட்டுப் பெற்றனர். தனியரசு இல்லை, ஆயினும் இணையத்தில் தம் மொழியின் பெயரால் ஓர் இடம் உண்டு!

ஊர் செய்யத்தக்கவை

இம்மூன்று விடைகளையும் கொண்டு ஒரு தமிழ்ச் சிற்றூர் இன்றே தொடங்கத்தக்க பணிகள் உள.

முதலாவது, ஊரின் வளத்தை எழுதுக. வடம் வருமுன்னரே எழுதுக. எந்த நிலத்தில் எது விளைகின்றது, எந்த மூதாட்டிக்கு எந்த மூலிகை தெரியும், எவர் கை எந்தத் தொழில் அறிந்தது, எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே எழுதிவிடலாம். பொருநையாற்றங்கரையில் தானாக வளரும் கோரைதான் பத்தமடைப் பாயாகி உலகறிந்தது. அதற்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காமிகாட்சுவின் இலைக்கும் பத்தமடையின் கோரைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் காலடியில் கிடந்தவையே. கண்டெடுத்தவர் உழைப்பால் பொருளானவை. ஆயின் எழுதினால் மட்டும் போதாது. யோக்கோயிசி உணவகம் உணவகமாய்ச் சென்று கற்றதைப் போல், வாங்குவோன் கேட்பது என்ன என்பதை ஒருவர் சென்று கற்றாக வேண்டும். வெறுங்கை முழம் போடாது. தரமில்லாப் பொருளை இணையமும் விற்றுத் தராது.

இரண்டாவது, ஊரின் செய்தியைத் தமிழில் ஏற்றுக. அதுவும் ஊரின் தமிழில் ஏற்றுக. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்கு நான்கு பெயர் வைத்தவன் தமிழ் மீனவன். வானிலைச் செய்தியில் அப்பெயர்கள் வந்தால் அவன் உடனே அறிவான். 'தென்மேற்குத் திசையிலிருந்து' என்று ஆங்கிலத்தை அடியொற்றி எழுதினால் ஒருகணம் நின்று எண்ண வேண்டியவனாவான். கடலில் ஒருகணம் பெரிது. நகரத்தில் அமர்ந்து செயலி ஆக்குவோர் உழவனிடமும் மீனவனிடமும் சொல் கேட்டு எழுதுதல் வேண்டும். சொற்களுக்குக் குறைவில்லை, கேட்பார்க்கே குறைவு.

மூன்றாவது, மடையை ஊரவையின் கையில் வைக்க. ஆண்டுதோறும் கூடும் ஊரவையில் குடிநீரைப் பற்றிக் கேட்பது போலவே இணையத்தைப் பற்றியும் கேட்க. வடம் எங்கு வந்து நிற்கின்றது? பள்ளிக்கு வந்ததா? சேரிக்கு வந்ததா? பழுதுற்றால் எத்தனை நாளில் நீக்கப்படும்? நீக்கத் தெரிந்த இளைஞன் அல்லது இளம்பெண் ஊரில் ஒருவரேனும் உண்டா? அப்பயிற்சியை ஊரே பொறுப்பேற்று அளித்தால், ஊரில் தங்கி வாழ ஒருவர்க்கேனும் ஒரு தொழிலும் பிறக்கும்.

இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. நான்கு பெண்களைக் கொண்டு தொடங்கியது ஓர் ஊர். சில தொண்டர்களைக் கொண்டு தொடங்கியது ஓர் ஊர். ஒரு கூரையைக் கொண்டு தொடங்கியது ஓர் ஊர்.

நல்லவாட்டின் அந்தக் கதவை மீண்டும் ஒருமுறை எண்ணுக. பூட்டியிருந்த கதவை ஊரார் உடைத்தனர். அடுத்தவன் பொருளாயின் உடைக்கக் கை கூசியிருக்கும். திறவுகோல் வைத்திருப்பவனைத் தேடி ஓடியிருப்பர். அதற்குள் கடல் ஊருக்குள் வந்திருக்கும். அது தம்முடைய நடுவம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உள்ளே என்ன இருக்கின்றது, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது பேசும் என்பதையும் அறிந்திருந்தனர். பேச வேண்டிய மொழியோ அவர்கள் நாவிலேயே இருந்தது.

ஊருக்கு வரும் கம்பி அத்தகைய உரிமையோடு வருக! ஊரின் வளத்தை ஏந்திச் செல்க! ஊரின் தமிழில் பேசுக! அவ்வாறு வரச் செய்தல் அரசின் கடன் மட்டுமன்று. ஊர்தோறும் உள்ள தமிழரின் கடன். இவ்வவையிலிருந்து எழுந்து செல்வோர் தத்தம் ஊரில் ஓர் ஏட்டை எடுத்து, 'இவ்வூரில் இருப்பவை' என்று முதல் வரியை இன்றிரவே எழுதுவார்களாக!

வாழ்க சிற்றூர்! வெல்க தமிழ்!